பல்லுக்கு ஒரு கவசம்

பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் காப்புக் கவசம் இரண்டு தனித்தனித் தேவைகளுக்காக, இரண்டு வேறு நகரங்களில், ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவானது. லண்டனில் 1890ஐ ஒட்டிக் குத்துச்சண்டைக்காரர்களுக்காக ஒன்று செய்யப்பட்டது. வெளியிலிருந்து விழும் அடியைத் தாங்குவது அதன் வேலை. வியன்னாவில் 1901ஐ ஒட்டி, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் நோயாளிகளுக்காக மற்றொன்று செய்யப்பட்டது. சொந்தத் தாடையின் அழுத்தத்திலிருந்தே பல்லைக் காப்பது அதன் வேலை. இன்று ‘மவுத்கார்டு’, ‘கம் ஷீல்டு’, ‘நைட்கார்டு’ என்று பல பெயர்களில் கிடைப்பவை எல்லாம் இந்த இரண்டு கிளைகளிலிருந்து வந்தவையே. செய்யும் பொருள்களை இரு கிளைகளும் பகிர்ந்துகொண்டன. பரவிய விதம் மட்டும் வேறாக இருந்தது. விளையாட்டுக் கவசத்தைப் பரப்பியது ஆட்டவிதி. இரவுக் கவசத்தின் போக்கைத் தீர்மானித்தது, மனிதர்கள் ஏன் பல் கடிக்கிறார்கள் என்ற கேள்விக்கு மருத்துவம் காலத்துக்குக் காலம் சொல்லிவந்த விடை.

இரண்டுக்கும் அடிப்படை பல்லின் இயல்பு. பல்லை மூடியிருக்கும் எனாமல் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதை உருவாக்கும் செல்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. உடைந்த எலும்பு கூடும், கிழிந்த தோல் ஆறும். சில்லு பெயர்ந்த எனாமலும் தேய்ந்த எனாமலும் திரும்ப வளர்வதில்லை. அடிபடும் பற்களில் முதலிடம் மேல்வரிசையின் நடு முன்பற்களுக்கு. முகத்தில் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பவை அவைதாம். தேய்மானத்தில் கடைவாய்ப் பற்களும் கோரைப் பற்களும் முந்துகின்றன. எனவே விளையாட்டுக் கவசம் பல்வரிசையின் முன்பக்கத்தையும் இரவுக் கவசம் கடிக்கும் பரப்பையும் முதன்மையாகக் கருதி வடிவம் பெற்றன.

இரண்டு மரப்பால்கள்

பல்லுக்குக் கவசம் செய்ய வேண்டுமானால் வாயின் வடிவத்துக்கு இளகி வளைந்து, பிறகு இறுகி நிற்கும் பொருள் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அத்தகைய பொருள் ஐரோப்பியப் பல் மருத்துவர்களிடம் இல்லை. அதை இரண்டு மரப்பால்கள் கொடுத்தன.

முதலாவது கட்டாபெர்ச்சா. மலாய் தீபகற்பத்துக் காடுகளிலும் அதைச் சுற்றியுள்ள தீவுகளிலும் வளரும் ஒருவகை மரத்தின் பால் இறுகிக் கிடைப்பது. மலாய் மக்கள் கத்திப்பிடி போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்திவந்தனர். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமெரி 1843இல் இதை லண்டனின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வெந்நீரில் போட்டால் களிமண் போல் இளகும், ஆறியதும் வைத்த வடிவத்திலேயே இறுகும், உப்புநீரில் கெடாது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகவும், 1840களின் இறுதியிலிருந்து கோல்ஃப் பந்தாகவும் இது பயன்பட்டது. பல் மருத்துவர்கள் சொத்தைக் குழியை அடைக்க இதை எடுத்துக்கொண்டனர். வேர்ச் சிகிச்சை செய்த பல்லின் உள்துளையை நிரப்ப இன்றும் கட்டாபெர்ச்சாதான் பயன்படுகிறது.

இரண்டாவது கெட்டிப்பட்ட ரப்பர், அதாவது வல்கனைட். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். கந்தகத்தின் அளவைக் கூட்டினால் கொம்பு போன்ற கடினமான பொருள் கிடைத்தது. அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை தங்கத்திலும் தந்தத்திலும் செய்யப்பட்டுப் பணக்காரர்களுக்கு மட்டும் எட்டிய பல்செட், வல்கனைட் வந்ததும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. அமெரிக்காவில் குட்இயர் டென்டல் வல்கனைட் நிறுவனம் ஒவ்வொரு பல் மருத்துவரிடமும் உரிமக் கட்டணம் கேட்டு வழக்குத் தொடுத்துவந்தது. அந்த நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேகனை 1879இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பல் மருத்துவர் சுட்டுக் கொல்லும் அளவுக்குப் பகை முற்றியது. 1881இல் காப்புரிமை காலாவதியான பிறகு வல்கனைட் தடையின்றிப் புழங்கியது.

பல்வரிசை முழுவதையும் மூடும் உறைக்கு முன்னோடி போர்க்காலத்தில் பிறந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தாடை உடைந்த வீரர்களுக்கு, உடைந்த பகுதிகள் அசையாமல் இருக்க வல்கனைட் தகடுகள் பொருத்தப்பட்டன. தெற்கில் ஜேம்ஸ் பேக்ஸ்டர் பீன், வடக்கில் தாமஸ் பிரையன் கன்னிங் ஆகிய பல் மருத்துவர்கள் தனித்தனியே இந்த முறையை உருவாக்கினார்கள். 1865 ஏப்ரல் தொடக்கத்தில் குதிரை வண்டி விபத்தில் தாடை உடைந்து, சில நாள்களிலேயே லிங்கன் கொலைச் சதிக் கும்பலின் கத்திக்குத்துக்கும் ஆளான வெளியுறவுச் செயலர் வில்லியம் சூவர்டுக்குச் சிகிச்சையளித்தவர் கன்னிங். இரு வரிசைப் பற்களையும் அச்செடுத்து, அந்த அச்சின் மேல் ரப்பரை உருக்கி வார்க்கும் இந்த முறைதான் பின்னால் வந்த கவசங்களுக்கு வழிகாட்டியது.

குத்துச்சண்டை வளையம்

குயின்ஸ்பெரி விதிகள் 1867இல் வெளியானபின் குத்துச்சண்டை கையுறை அணிந்து, மூன்று நிமிடச் சுற்றுகளாக நடக்கும் ஆட்டமாக மாறியது. கையுறை முஷ்டியைக் காத்தது. எதிரியின் வாயைக் காக்க எதுவும் இல்லை. சண்டைக்காரர்கள் பஞ்சு, கடற்பஞ்சு, ஒட்டுத்துணிச் சுருள், சிறு மரத்துண்டு என்று கிடைத்ததை மேல், கீழ்ப் பற்களுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டனர். தாடையை இறுக்கி வைத்திருக்கும்வரை அது நிற்கும். மூச்சு வாங்க வாயைத் திறந்தால் கீழே விழும், அல்லது தொண்டைக்குள் போகும். ஆட்டத்தில் பாதிக் கவனம் அதைக் கடித்துப் பிடிப்பதிலேயே போனது.

லண்டன் பல் மருத்துவர் வுல்ஃப் கிராஸ் 1890ஐ ஒட்டி இதற்கு மாற்றுக் கண்டார். கட்டாபெர்ச்சாவை வெந்நீரில் இளக்கி, பட்டையாக்கி, வளையத்துக்குள் நுழையுமுன் சண்டைக்காரரின் மேல் முன்பற்களின் மீது அழுத்தி ஒட்டினார். அவருடைய முதல் நோக்கம் பல்லைக் காப்பதைவிட உதட்டைக் காப்பது. உதட்டின் மேல் குத்து விழும்போது பற்களின் விளிம்பே உள்ளிருந்து உதட்டைக் கிழிக்கும். இரத்தம் நிற்காமல் ஆட்டத்தைக் கைவிட நேரும். ‘கம் ஷீல்டு’ என்ற பெயர் இங்கிலாந்தில் நிலைத்தது. அந்தப் பட்டை ஒருமுறை பயன்பாட்டுக்கானது. அடுத்த சண்டைக்குப் புதிதாக ஒட்ட வேண்டும்.

கழற்றி மாட்டக்கூடிய கவசத்தைச் செய்தவர் அவருடைய மகன் பிலிப் கிராஸ். அவரும் பல் மருத்துவர். பொழுதுபோக்காகக் குத்துச்சண்டையும் ஆடியவர். ரப்பரில் செய்யப்பட்ட அவருடைய கவசத்தைப் புகழ்பெறச் செய்தவர் டெட் ‘கிட்’ லூயிஸ். லண்டனின் கிழக்குப் பகுதியான ஆல்ட்கேட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்த லூயிஸ் 1913இல் பிரிட்டனின் ஃபெதர்வெயிட் பட்டத்தையும், 1915 ஆகஸ்டில் பாஸ்டனில் ஜாக் பிரிட்டனை வென்று வெல்டர்வெயிட் உலகப் பட்டத்தையும் கைப்பற்றினார். தொழில்முறைக் குத்துச்சண்டையில் கவசத்தை வழக்கமாக அணிந்த முதல் பெரிய வீரராக அவரையே குத்துச்சண்டை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. கவசத்துக்கு வேண்டிய ரப்பரும் அந்நாளில் ஆசியாவிலிருந்துதான் சென்றது. உலக ரப்பர் விளைச்சலில் முதலிடம் மலாயாவுக்கு. அங்கே ஐரோப்பியர் தோட்டங்களில் பால்வெட்டிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

லூயிஸும் ஜாக் பிரிட்டனும் 20 முறை மோதியவர்கள். 1921 பிப்ரவரி 7இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த சண்டையில் கவசமே சச்சரவாயிற்று. லூயிஸ் வாயில் மாட்டியிருப்பது விதிக்குப் புறம்பான பொருள் என்று பிரிட்டனின் மேலாளர் டான் மோர்கன் ஆட்சேபித்தார். லூயிஸ் கவசமில்லாமல் ஆட வேண்டியதாயிற்று. 15 சுற்றுகளின் முடிவில் பிரிட்டன் புள்ளிக்கணக்கில் வென்றார். ஒரு தரப்புக்கு மட்டும் கிடைக்கும் காப்பு முறையற்ற சாதகம் என்பதுதான் அன்றைய பார்வை. வாயில் அடிவாங்கித் தாங்குவதும் சண்டைக்காரனின் திறமையில் ஒரு பகுதி என்று பார்வையாளர்களும் கருதினார்கள்.

அமெரிக்காவிலும் கவசத்துக்கு உரிமை கொண்டாடியவர்கள் இருந்தனர். 1916 வாக்கில் தாமே ஒன்றை வடிவமைத்ததாகச் சிகாகோ பல் மருத்துவர் தாமஸ் கார்லோஸ் பின்னாளில் கூறினார். அதே நகரத்தின் ஆலன் ஃபிராங்கியும் குத்துச்சண்டைக்காரர்கள் பலருக்குக் கவசம் செய்துகொடுத்ததாகக் கூறினார். பல்செட் வார்க்கத் தெரிந்த எந்தப் பல் மருத்துவருக்கும் எட்டக்கூடிய யோசனைதான் அது. உண்மையான தடை வேறு: அதை அணிந்து ஆட நடுவர் அனுமதிக்க வேண்டும்.

அந்தத் தடையை உடைத்தது 1927 மார்ச் 3இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த ஒரு சண்டை. அயர்லாந்தில் பிறந்த மைக் மெக்டீக் லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை முன்பு வைத்திருந்தவர். ஜாக் ஷார்க்கியுடன் மோதிய அந்த ஆட்டத்தில் புள்ளிக்கணக்கில் முந்திக்கொண்டிருந்தார். பல் ஒன்று சில்லு பெயர்ந்து, அதன் கூரிய முனை உதட்டை ஆழமாகக் கிழித்தது. இரத்தப்போக்கு நிற்காததால் 12ஆம் சுற்றில் ஆட்டம் நிறுத்தப்பட்டு ஷார்க்கி வென்றவராக அறிவிக்கப்பட்டார். வெற்றி தோல்வியைத் திறமைக்குப் பதில் உடைந்த பல் தீர்மானித்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதன்பின் நியூயார்க்கில் கவசத்துக்கு அனுமதி கிடைத்தது. மற்ற இடங்களும் பின்பற்றின. 1920இல் வாக்கர் சட்டத்தின்கீழ் அமைந்த நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தில் ஆய்வாளராகவும் பல் மருத்துவராகவும் இருந்த கிளாரன்ஸ் மேயர் 1930இல் பல் மருத்துவ இதழில் செய்முறையை விளக்கினார். வாயில் அச்செடுத்து, மெழுகில் வடிவம் அமைத்து, ரப்பரில் வார்க்கும் முறை அது.

ஒரு காலத்தில் விதிமீறலாகக் கருதப்பட்ட கவசம் நாளடைவில் அதே வளையத்தில் கட்டாயமாயிற்று. இன்று கவசம் இல்லாமல் சண்டை தொடங்காது. வேண்டுமென்றே அதைத் துப்பினால் நடுவர் எச்சரிக்கலாம், புள்ளியையும் குறைக்கலாம். இரத்தத்தை அடையாளம் காண முடியாமல் போகும் என்பதால் அமெச்சூர் போட்டிகளில் சிவப்பு நிறக் கவசத்துக்கு இடமில்லை. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸின் குத்தில் சாய்ந்த மைக் டைசன், நடுவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது தரையில் கவசத்தைத் தேடியெடுத்து அரைகுறையாக வாயில் செருகிக்கொண்டு எழ முயன்ற காட்சி உலகெங்கும் ஒளிபரப்பானது. 1997 ஜூனில் ஹோலிஃபீல்டு என்ற வீரருடன் நடந்த சண்டையின் மூன்றாம் சுற்றுக்கு டைசன் கவசமில்லாமல் வந்தபோது நடுவர் மில்ஸ் லேன் அவரை மூலைக்குத் திருப்பி அனுப்பி அணிந்துவரச் செய்தார். எதிரியின் காதைக் கடித்த சம்பவம் அதே சுற்றில்தான் நடந்தது.

பள்ளி மைதானத்தின் கட்டாயம்

குத்துச்சண்டையில் கவசம் அணிந்தவர்கள் சில ஆயிரம் பேர் என்றால், அதை லட்சக்கணக்கான இளைஞர்களிடம் கொண்டுசென்றது அமெரிக்கக் கால்பந்து. தோளால் இடித்தும் தலையால் முட்டியும் எதிரணியை வீழ்த்தும் அந்த ஆட்டத்தில் தோல் தலைக்கவசம் இருந்தது, முகத்துக்கு ஒன்றுமில்லை. முன்பல் இல்லாத சிரிப்பு ஆட்டக்காரனின் அடையாளமாகவே ஆகியிருந்தது. முன்பற்கள் இல்லாத நோட்ர டாம் பல்கலைக்கழக அணியினரைப் பற்றி ‘லைஃப்’ இதழ் 1952இல் செய்தி வெளியிட்டது. 1940களிலும் 50களிலும் இந்த ஆட்டத்தின் காயங்களில் கால்பங்கிலிருந்து பாதிவரை வாயிலும் பல்லிலும் ஏற்பட்டவை என்று அக்காலக் கணக்கெடுப்புகள் காட்டின.

அதற்குள் பொருளும் மாறியிருந்தது. 1930களின் இறுதியில் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பிசின் பல்செட்டுக்கு வந்தது. 1942இல் ஜப்பான் மலாயாவைக் கைப்பற்றியதால் நேசநாடுகளுக்கு ரப்பர் வரத்து அற்றுப்போனதும், வல்கனைட்டின் இடத்தை அக்ரிலிக் விரைவாகப் பிடித்துக்கொண்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் பல் மருத்துவர் ரோட்னி லில்லிக்விஸ்ட் 1947இல் ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கில் மெல்லிய உறை செய்து, கலிபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் டிக் பெரிக்குப் பொருத்தினார். பிறகு சான்பிரான்சிஸ்கோ 49ர்ஸ் அணியின் ஃபிராங்கி ஆல்பர்ட்டும் அதை அணிந்தார். இருவரும் குவார்ட்டர்பேக்குகள், அணிக்கு உரக்கக் குரல் கொடுத்து ஆட்டத்தை நடத்த வேண்டியவர்கள். தடித்த ரப்பரை வாயில் அடக்கிக்கொண்டு அது முடியாது. மெல்லிய உறையோடு பேச முடிந்ததுதான் இந்தக் கவசத்தின் சிறப்பு. அக்ரிலிக் கடினமானது, அதனாலேயே அடியை உள்வாங்காமல் விரிசல் விடக்கூடியது. எனவே மைதானத்தில் லேட்டக்ஸ், வினைல் போன்ற மென்பொருள்கள் அதை விரைவில் பின்தள்ளின.

1950களில் முகத்துக்கும் கம்பி வந்தது. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் ஓட்டோ கிரேஹாம் 1953இல் முகத்தில் அடிபட்டபின் தலைக்கவசத்தின் முன்னால் பிளாஸ்டிக் பட்டை பொருத்தி ஆடினார். ஓரிரு ஆண்டுகளில் அது பொதுவழக்காயிற்று. ஆனால் முகக்கம்பி முன்னிருந்து வரும் அடியைத்தான் தடுக்கும். தாடைக்கு அடியிலிருந்து வரும் இடி கீழ்ப்பற்களை மேல்பற்களின் மேல் மோதச்செய்து அவற்றைப் பிளக்கும். இதற்கு வாய்க்குள்ளேயே ஒரு மெத்தை வேண்டியிருந்தது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1960இல் உடல் மோதல் உள்ள விளையாட்டுகள் அனைத்துக்கும் லேட்டக்ஸ் கவசத்தைப் பரிந்துரைத்தது. 1962இல் உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் அது கட்டாயமானது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1973இல் அதே விதியைக் கொண்டுவந்தது. பள்ளிகளில் விதி வந்த சில ஆண்டுகளிலேயே பல் காயங்கள் சிறுபங்காகச் சுருங்கின.

இந்த வரிசை கவனிக்கத் தக்கது. விதி முதலில் பிடித்தது பதினைந்து, பதினாறு வயதுப் பள்ளி மாணவர்களை. அவர்களுக்குப் பொறுப்பேற்ற பள்ளிகளும் பெற்றோரும் அதை விரும்பினார்கள். கல்லூரிகளுக்கு விதி வர மேலும் 11 ஆண்டுகள் ஆயின. தொழில்முறை வீரர்களின் என்.எஃப்.எல். ஆட்டங்களில் அத்தகைய கட்டாயம் வரவே இல்லை. அங்கே கவசம் ஆட்டக்காரரின் விருப்பம். பள்ளியிலிருந்தே அணிந்து பழகியவர்கள் வளர்ந்தபின்னும் அணிந்தார்கள். பழகாதவர்கள் மூச்சு முட்டுகிறது, பேச வரவில்லை என்று கழற்றி வைத்தார்கள்.

நியூசிலாந்தின் கணக்கு

விதி உண்மையிலேயே பல்லைக் காக்கிறதா என்பதற்குத் தெளிவான சான்று நியூசிலாந்திலிருந்து வந்தது. அந்நாட்டில் யார் தவறு என்று பாராமல் விபத்துக் காயம் எல்லாவற்றுக்கும் அரசு நிறுவனம் ஒன்று இழப்பீடு கொடுக்கிறது. 1974 முதல் நடக்கும் ஏற்பாடு இது. அதனால் ரக்பியில் பல் உடைந்த ஒவ்வொருவரும் விண்ணப்பித்திருப்பார்கள். எண்ணிப் பார்க்கக் கணக்கு இருந்தது. 1990களின் பிற்பகுதியில் உள்நாட்டு ரக்பியில் முதலில் இளையோருக்கும், 1998 முதல் எல்லா நிலை ஆட்டக்காரர்களுக்கும் கவசம் கட்டாயமாக்கப்பட்டது.

2005இல் வெளியான ஆய்வு இதன் விளைவைக் கணக்கிட்டது. கவசம் அணிந்து ஆடியதாக ஆட்டக்காரர்கள் சொன்ன அளவு 1993இல் 67 சதவீதமாக இருந்து 2003இல் 93 சதவீதமாக உயர்ந்தது. ரக்பி தொடர்பான பல் காய விண்ணப்பங்கள் 1995இல் 2,644. அதிலிருந்து 2003க்குள் 43 சதவீதம் குறைந்திருந்தன. விதிக்கு முன்பே மூன்றில் இரண்டு பங்கினர் விருப்பத்தோடு அணிந்துவந்த நாட்டிலேயே, மீதிப் பேரையும் அணியவைத்ததில் இந்த அளவு பலன் கிடைத்தது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான ஒரு மதிப்பாய்வும், கவசம் அணியாதவர்களுக்கு வாய், பல் காய அபாயம் 1.6 முதல் 1.9 மடங்கு கூடுதல் என்று கண்டது.

தூக்கத்தில் பல் கடித்தல்

பல்லைக் கடிப்பது கோபத்தின் அடையாளமாகப் பழங்கால நூல்கள் பலவற்றில் வருகிறது. தூக்கத்தில் கடிப்பதற்கு ஒவ்வொரு சமூகமும் ஒரு காரணம் சொல்லிவந்தது. குழந்தை தூக்கத்தில் பல்லை நறநறத்தால் வயிற்றில் பூச்சி இருக்கிறது என்பது தமிழ்நாட்டு வீடுகளில் நெடுநாளாக நிலவும் எண்ணம். பூச்சி இல்லாத குழந்தைகளும் பல் கடிக்கிறார்கள். வளர வளரப் பெரும்பாலோரிடம் அது தானாகக் குறைந்துவிடுகிறது.

மருத்துவத்தில் இதை முதலில் அழுத்திப் பேசியவர் வியன்னா பல் மருத்துவர் மோரிட்ஸ் கரோலி. ஈறு கரைந்து சீழ் வடிந்து பல் ஆடும் பயோரியா நோயைப் பற்றி 1901இல் எழுதியபோது, இரவில் பல்லை இறுக்கிக் கடிப்பதும் அரைப்பதும் அதற்குக் காரணம் என்று வாதிட்டார். பற்களை மூடும் வல்கனைட் தகட்டை இரவில் மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார். தூக்கத்துக்கான பற்காப்பின் தொடக்கம் அதுதான். அவர் சொன்ன காரணம் நிலைக்கவில்லை. ஈறுநோய்க்கு அடிப்படை பற்களில் படியும் நுண்ணுயிர்ப் படலம் என்பதை டென்மார்க்கில் ஹரால்ட் லோ 1965இல் செய்த சோதனை உறுதிப்படுத்தியது. காரணம் தவறானாலும் தகடு நிலைத்தது, ஏனெனில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் அது நின்றது. தேய்மானம் பல்லுக்குப் பதில் தகட்டில் விழுந்தது.

அடுத்த எண்பது ஆண்டுகளில் விடை பலமுறை மாறியது. 1907இல் பாரிஸில் வெளியான கட்டுரை ஒன்று இதற்கு ‘புருக்ஸோமேனி’ என்று பெயரிட்டது. 1931இல் பெர்ட்ராண்ட் ஃபிரோமன் ‘புருக்ஸிசம்’ என்ற சொல்லைப் புகுத்தி, இதை மனச்சிகிச்சையோடு இணைத்துப் பேசினார். 1934இல் அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், பல் குறைந்து கடி தாழ்ந்துபோவதால் தாடை மூட்டு அழுந்திக் காதுவலியும் தலைவலியும் வருகின்றன என்றார். அதை நம்பிக் கடியை உயர்த்தும் தகடுகள் பெருகின. 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சிகுர்ட் ராம்ஃபியோர்டு, தசைகளின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்து, மேல், கீழ்ப் பற்கள் சரியாகப் பொருந்தாததே தூண்டுகோல் என்ற முடிவுக்கு வந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் வடிவம் பெற்ற, மேல்வரிசை முழுவதையும் மூடும் தட்டையான அக்ரிலிக் தகடு ‘மிச்சிகன் ஸ்ப்ளின்ட்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. பொருந்தாத இடங்களைத் தேடிப் பல்லை ராவிவிடும் வழக்கமும் கூடவே பரவியது.

இந்தக் கொள்கையை 1984இல் ஒரு சோதனை நேரடியாகப் பரிசோதித்தது. ஜான் ரூவும் உடனாய்வாளர்களும் வேண்டுமென்றே சற்று உயரமான தற்காலிகப் பல்மூடியைப் பொருத்தி இரவுத் தசை இயக்கத்தை அளந்தார்கள். பல் கடிப்பது கூடவில்லை, பெரும்பாலோரிடம் குறைந்தது. 1990களில் மான்ட்ரியலில் கில் லவீன் முதலிய தூக்க ஆய்வாளர்கள், மூளையலையையும் தாடைத் தசையையும் இரவு முழுவதும் சேர்த்துப் பதிவுசெய்து வேறு படத்தைக் காட்டினார்கள். தூக்கத்திலிருந்து சில விநாடிகள் லேசாக விழிக்கும் நிலைக்கு மூளை எழும்போது இதயத்துடிப்பு கூடுகிறது. அதை அடுத்துத் தாடைத் தசை சீராகச் சுருங்கத் தொடங்குகிறது. அதாவது தூண்டுதல் பல்லிலிருந்து வருவதில்லை; மூளையிலிருந்து வருகிறது. மன அழுத்தம், காபி, மது, புகைப்பழக்கம், சில மனநல மருந்துகள் இதைக் கூட்டக்கூடியவை. லவீன் பங்கேற்று 1994இல் வெளியான கனடா கணக்கெடுப்பில் பெரியவர்களில் 8 சதவீதம் பேர் தூக்கத்தில் பல் கடிப்பதாகச் சொன்னார்கள்.

அதன் வலுவும் அளக்கப்பட்டது. 2001இல் வெளியான ஜப்பானிய ஆய்வு, கவசத்துக்குள் அளவுமானியைப் பதித்து, தூக்கத்தில் கடிக்கும் சராசரி விசை 22.5 கிலோகிராம் எடைக்கு ஈடு என்றும், அதிகபட்சம் 81.2 கிலோகிராம் வரை போனது என்றும் கண்டது. அந்த உச்ச அளவைப் பதிவுசெய்தவர் விழித்திருக்கும்போது முழுபலத்தோடு கடித்தும் எட்ட முடிந்தது அதைவிடக் குறைவுதான். விழிப்பில் வலி தரும் எச்சரிக்கை தூக்கத்தில் மங்கிவிடுகிறது.

காரணம் மூளையில் இருப்பதால், தகடு பல் கடிப்பதை நிறுத்தும் என்ற எதிர்பார்ப்பும் தளர்ந்தது. 2007இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, தகடுகள் தூக்கப் பல்கடிப்பைக் குணப்படுத்துவதற்குப் போதிய சான்று இல்லை என்றது. தேய்மானத்தைத் தடுப்பதில் அவற்றுக்குப் பயன் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. 2010களில் கூடிய பன்னாட்டு வல்லுநர் குழு, உடல்நலமுள்ள ஒருவரிடம் காணப்படும் பல்கடிப்பை நோயாகக் கருத வேண்டியதில்லை, அது தசையின் ஒரு செயல் என்றே வரையறுத்தது. இரவுக் கவசம் மருந்து என்ற நிலையிலிருந்து காப்பு என்ற நிலைக்கு வந்துசேர்ந்தது.

கடினமும் மென்மையும்

இரு கிளைகளும் 1960களுக்குப் பின் ஒரே பட்டறையில் சந்தித்தன. சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தகட்டைப் பிளாஸ்டர் அச்சின் மேல் பரப்பி, காற்றை உறிஞ்சி ஒட்டவைக்கும் சிறு இயந்திரம் பல் ஆய்வகங்களுக்கு வந்தது. எத்திலீன் வினைல் அசெட்டேட் என்ற மென்பிளாஸ்டிக், சுருக்கமாக ஈ.வி.ஏ., விளையாட்டுக் கவசத்தின் பொருளாக நிலைபெற்றது. அளவுக்கேற்ப ஆயத்தமாகக் கிடைப்பது, வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்துவது, அச்செடுத்துச் செய்வது என்று மூவகைக் கவசங்கள் விற்பனைக்கு வந்தன. இரண்டாம் வகையில் வுல்ஃப் கிராஸின் கட்டாபெர்ச்சா முறையே புதிய பொருளில் தொடர்கிறது. அதன் குறை, இளகியிருக்கும்போது அழுத்திக் கடித்தால் காப்பு வேண்டிய இடத்திலேயே தகடு மிக மெலிந்துவிடுவது. ஆஸ்திரேலியாவில் 2002இல் வெளியான ஆய்வு 4 மில்லிமீட்டர் தடிப்பே ஏற்றது என்றது. அதற்கு மேல் தடித்தால் கூடுதல் காப்பு அதிகம் இல்லை, வாய்க்கு இடைஞ்சல்தான் கூடியது.

பொருள் ஒன்றானதும், விளையாட்டுக் கவசத்தையே இரவிலும் மாட்டிக்கொள்ளலாமே என்ற கேள்வி எழுந்தது. ஜெஃப்ரி ஓக்சன் 1987இல் பத்துப் பேரிடம் இதைச் சோதித்தார். கடினமான அக்ரிலிக் தகடு எட்டுப் பேரிடம் இரவுத் தசை இயக்கத்தைக் குறைத்தது. மென்மையான தகடு ஒருவரிடம் மட்டுமே குறைத்தது. ஐந்து பேரிடம் கூட்டியது. அழுத்தினால் அமுங்கும் பொருள் தாடையை மேலும் மெல்லத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. அடியின் வேகத்தை உள்வாங்கிப் பரப்பும் மென்மைதான் மைதானத்தில் தேவை. இரவில் திரும்பத் திரும்ப நிகழும் உராய்வுக்கு வழுக்கும் கடினமான பரப்பு தேவை. எனவே அழுத்திப் பல் கடிப்பவர்களுக்குக் கடின அக்ரிலிக்கும் விளையாட்டுக்கு ஈ.வி.ஏ.யும் என்ற பிரிவு இன்றும் தொடர்கிறது.

தலைக்காயமும் உணரிகளும்

கவசம் மூளை அதிர்ச்சியையும் தடுக்குமா என்ற எதிர்பார்ப்பு 1960களில் தொடங்கியது. நோட்ர டாம் ஆட்டக்காரர்களைக் கவனித்த ஜான் ஸ்டெங்கர் 1964இல், கவசம் கழுத்துக்கும் தலைக்கும் செல்லும் அதிர்வைக் குறைக்கிறது என்று எழுதினார். 1967இல் ஓர் இறந்த உடலின் தாடையில் அடிகொடுத்து அளந்த ஹிக்கி குழுவினர், கவசம் இருக்கும்போது மண்டைக்குள் எழும் அழுத்தம் குறைவதைக் கண்டனர். இந்த முடிவுகளை வைத்து விற்பனையாளர்கள் பெரிய உறுதிமொழிகளைத் தந்தார்கள். ஆனால் விளையாடும் மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் ஒரே திசையில் பேசவில்லை. விளையாட்டுக் காய ஆய்வுகளைத் தொகுத்ததாக மேலே சொன்ன 2007ஆம் ஆண்டு மதிப்பாய்வும் பல்லைக் காப்பதில் உறுதியாகவும் மூளை அதிர்ச்சி பற்றி முடிவு சொல்ல முடியாதென்றும் பேசியது. அடி தாடையில் விழாமல் மண்டையில் விழும்போது, பற்களுக்கிடையில் இருக்கும் தகட்டுக்கு அதில் பங்கில்லை.

தலைக்காயத்தைத் தடுக்க உறுதியாக உதவாத கவசம் அதை அளக்கப் பயன்படத் தொடங்கியிருக்கிறது. மேல்பற்கள் மண்டையோட்டோடு உறுதியாகப் பிணைந்தவை. தலைக்கவசத்தில் ஒட்டிய உணரி தலையோடு சேர்ந்து நகராமல் வழுக்கும். பற்களில் பொருந்திய உணரி மண்டையோடு அசைவதை அப்படியே பதியும். முடுக்கமானியும் சிறு மின்கலமும் பதித்த கவசங்களை உலக ரக்பி அமைப்பு 2023 இறுதியில் பெண்கள் போட்டியில் பயன்படுத்தி, 2024 ஜனவரி முதல் உயர்மட்ட ரக்பியின் தலைக்காயப் பரிசோதனை நடைமுறையில் சேர்த்தது. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய மோதல் நிகழ்ந்தால் மைதான ஓரத்தில் இருக்கும் மருத்துவருக்குச் செய்தி போகும். ஆட்டக்காரர் வெளியே வந்து பரிசோதனைக்கு உட்பட வேண்டும். தம் விருப்பத்துக்கு மாறாக ஆட்டத்திலிருந்து எடுக்கப்படுவதாகச் சிலர் முணுமுணுத்தார்கள்.

பொதுவாகப் பார்த்தால், மேல்வரிசைப் பற்களைச் சில மில்லிமீட்டர் தடிப்பில் மூடும் தகடு என்ற அளவில் கவசத்தின் அடிப்படை அமைப்பு 1920களுக்குப் பிறகு அதிகம் மாறவில்லை. மாறியவை பொருளும், யார் அணிய வேண்டும் என்ற முடிவும். குத்துச்சண்டையில் நடுவரும், அமெரிக்கப் பள்ளிகளிலும் நியூசிலாந்து ரக்பியிலும் ஆட்டவிதியும் அந்த முடிவை எடுத்தன. இரவுக் கவசத்துக்கு அப்படி ஒரு விதி இல்லை. பல் தேய்ந்திருப்பதை மருத்துவர் கண்டுசொல்லும்போதோ, பக்கத்தில் தூங்குபவர் நறநறவென்ற சத்தத்தைச் சொல்லும்போதோதான் அதன் தேவை தெரியவருகிறது. மாட்டிக்கொள்வது தூங்குபவரின் கையில் இருக்கிறது.